பதினொரு பேரின் கைதட்டு

அலுவலகத்தில் அவளைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டு ரெண்டு வருஷம் ஆகிறது. சதவீதம் என்றால்தான் தெரியும். வயதில் சின்னவர்கள் சதவீதக்கா என்பார்கள். கொஞ்சம் வாய் நீளமானவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் புள்ளி ரெண்டு என்பார்கள், எந்த எண்ணைச் சொன்னாலும் புள்ளிக்கு அப்புறம் என்ன என்று கேட்காமல் விடமாட்டாள் என்பதால். இதெல்லாம் அவள் காதுக்கும் வந்ததுதான். கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. இங்கே வருவதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் மதிப்பெண் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கல்லூரியை இன்னொரு கல்லூரியோடு சேர்த்தார்கள். தேர்வுப் பிரிவு ரெண்டு எதற்கு என்று ஒன்றை மூடினார்கள். மூடின பிரிவில் அவள் நாற்காலி இருந்தது. ஏழு மாதம் வீட்டில் சும்மா இருந்துவிட்டு, டயர் கடைக்கு மேலே ரெண்டாவது மாடியில் இருந்த இந்த அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தாள். கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் நாள் பூராவும் கேட்கும். மேலே பதினொரு பேர் உட்கார்ந்து, கடைக்காரர்களுக்கும் கம்பெனிகளுக்கும் சோஷியல் மீடியாப் பக்கங்களை நடத்திக்கொடுத்தார்கள். யாரோ படம் எடுப்பார்கள், யாரோ வாசகம் எழுதுவார்கள், யாரோ போடுவார்கள். எந்தப் பக்கத்தில் எந்தப் பதிவுக்கு எத்தனை லைக், எத்தனை கமெண்ட் விழுந்தது என்று எண்ணிப் பட்டியல் போடுவது அவள் வேலை. திங்கள்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டியல் முதலாளி மேசையில் இருக்கவேண்டும்.

அவள் வந்த புதிதில் பட்டியலில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது: மொத்தம் எத்தனை. ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேர் பின்தொடர்கிற மெத்தைக் கம்பெனியின் பக்கம் எப்போதும் தலைமாட்டில் இருக்கும். இருநூற்று நாற்பது பேர் பார்க்கிற பூட்டுக்கடைப் பக்கம் கால்மாட்டில் கிடக்கும். மூன்றாவது வாரமே அவளுக்குப் பொறுக்கவில்லை. ரெண்டாயிரம் பேர் எழுதின பரீட்சையில் நூறு பேர் பாஸானதும், பத்துப் பேர் எழுதினதில் எட்டுப் பேர் பாஸானதும் ஒன்றா என்று முதலாளியிடம் கேட்டாள். விழுந்ததை ஆள் எண்ணிக்கையால் வகுத்துச் சதவீதமாகப் போட்டுக் காட்டினாள். பட்டியல் தலைகீழாகத் திரும்பிவிட்டது. பூட்டுக்கடை பத்துக்கு மேல், மெத்தை ஒன்றே ஒன்று.

முதலாளிக்கு வயது முப்பத்திநாலு. தாடியை ஒரு வாரம் வைப்பார், ஒரு வாரம் எடுப்பார். மனிதர் கெட்டவர் இல்லை, ஆனால் எதையும் தன் வாயால் சொல்லப் பிடிக்காது. அவருக்கு இந்தச் சதவீதம் வசதியாகப் போயிற்று. சின்னக் கடைக்காரர்களைக் கூப்பிட்டு, அவ்வளவு பெரிய மெத்தைக் கம்பெனியே ஒரு சதவீதம்தான், நீங்கள் பத்து, என்று சொன்னார். பூட்டுக்கடைக்காரர் அதைத் தன் மனைவியிடமும் மைத்துனனிடமும் கடைக்கு வருகிற ஆள்களிடமும் சொல்லித் திரிந்தார். அந்தப் பேச்சில் மேலும் சில சின்னக் கடைகள் வந்து சேர்ந்தன. சின்னப் பக்கங்களுக்கென்றே தனியாக ஓர் ஆள் தேவைப்பட்டது. சதவீதம் தன் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

நாத்தனார் கதை தனிக் கதை. கல்யாணம் பண்ணிக்கொண்ட ஆள் ஒரு நாள் வேலைக்குப் போகிறேன் என்று போனவர், வேறு ஊரிலிருந்து வக்கீல் மூலமாகக் கடிதம் போட்டார். நாத்தனார் ரெண்டு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். ரெண்டே மாதம், அப்புறம் ஏதாவது பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அது மூன்று வருஷத்துக்கு முன்னால். நாலாவது மாடியில் ரெண்டு அறை, ஒரு ஹால், ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே வரவேண்டிய சமையலறை. பின்பக்க அறை மகளுடையதாக இருந்தது. அத்தைக்காக அதை விட்டுக்கொடுத்துவிட்டு மகள் ஹாலுக்கு வந்தாள். இப்போது பத்தாம் வகுப்பு. சாப்பாட்டு மேசையில் தட்டு எடுத்தபிறகு துடைத்துவிட்டுப் படிப்பாள். அப்பா டிவி போட்டால் காதில் பஞ்சு வைத்துக்கொள்வாள். ஒரு நாளும் முணுமுணுத்தது இல்லை. முணுமுணுத்திருந்தால் சதவீதத்துக்கு ஒருவேளை ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்காக நாத்தனாரைக் குறை சொல்லவும் வழியில்லை. பாத்திரம் கழுவுவாள், துணி மடிப்பாள், அண்ணன் கத்தினால் தன்மேல் வாங்கிக்கொள்வாள். ஆனால் நல்லவர்களாகவே இருந்தாலும் ஒரு வீட்டில் ஒரு ஆள் அதிகம் என்றால் அதிகம்தான். குளியலறை வாசலில் காத்திருக்கிற ஐந்து நிமிஷத்தில் மனிதருக்கு என்னென்னவோ தோன்றும்.

போன மாதம்தான் நாத்தனார் ஒரு சலவைக்கடைக்கு மேலே ஒற்றை அறை பார்த்து வைத்திருந்தாள். ஜன்னல் தெருப்பக்கம், குழாயில் தண்ணீர் நிற்காமல் வருகிறது, வீட்டுக்காரம்மா கேள்வி கேட்கிற ரகம் இல்லை. வருகிற ஒன்றாம் தேதி குடிபோவதாகப் பேச்சு. அலுவலகத்தில் வேலை நிரந்தரம் என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்றிருந்தார்கள். சதவீதம் சந்தையில் நின்று மகளுக்கு ஒரு படிப்பு மேசை விலை கேட்டுவிட்டுக்கூட வந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் முதலாளி அவளைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். ரெண்டு பெரிய வாடிக்கை கைவிட்டுப் போய்விட்டது, எழுதுகிறவர்கள் ரெண்டு பேரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றார். ஒருவர் மெத்தைக் கம்பெனிப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள், எல்லோரும் மெத்தை என்றே கூப்பிடுவார்கள். இன்னொருவர் சதவீதத்தின் நாத்தனார். பூட்டுக்கடை, கண்ணாடிக்கடை, பல் டாக்டர், கால்நடை டாக்டர் என்று நாலு சின்னப் பக்கம் அவள் கையில்.

"யாரு போறதுன்னு நான் முடிவு பண்ணலக்கா. உங்க பட்டியல் முடிவு பண்ணட்டும். மாசக் கடைசிப் பட்டியல்ல யாரு கீழ இருக்காங்களோ அவங்க. யாரும் நம்மளக் குத்தம் சொல்ல முடியாது பாருங்க."

நம்மளை என்றதை அவள் கவனித்தாள். வெளியே வந்ததும் படிக்கட்டில் நின்று மனக்கணக்குப் போட்டாள். நாத்தனாரின் நாலு பக்கமும் சேர்ந்து சராசரி எட்டரையை ஒட்டி. மெத்தை ஒன்று புள்ளி ஒன்று. பார்க்கவே வேண்டாம். மூச்சு இறங்கியது. இறங்கின மறு நிமிஷம் கூச்சமாக இருந்தது. மெத்தைக்கு வீட்டில் நாலு மாதக் கைக்குழந்தை. ஊரையெல்லாம் தூங்கவைக்கிற ஆளுக்கு வீட்டில் தூக்கம் கிடையாது. மத்தியானம் கம்ப்யூட்டர் முன்னால் கன்னத்தில் கைவைத்தபடி தூங்குவார், எழுப்பினால் யோசிச்சிட்டு இருந்தேன் என்பார். ஆனால் பட்டியல் பட்டியல்தானே, நானா போகச்சொன்னேன் என்று அவளும் தனக்குச் சொல்லிக்கொண்டாள். முதலாளியின் வழக்கம் சீக்கிரம் தொற்றுகிற வழக்கம்.

அந்த மாதம் மூன்றாவது வாரம் அலுவலகத்துக்குப் பெயின்ட் அடித்தார்கள். நெடி தலைக்கு ஏறும் என்று எல்லோருக்கும் ஒரு வாரம் லீவு. போகவேண்டிய பதிவுகளை முன்கூட்டியே தேதி நேரம் வைத்துக் கட்டிவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் போனைத் தொடாதீங்க, குடும்பத்தைப் பாருங்க என்று முதலாளி பெரிய மனதோடு சொன்னார். அந்த வாரப் பட்டியலை மாசக் கடைசிப் பட்டியலோடு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்றார். தொடவும் இல்லை யாரும்.

திரும்பி வந்த திங்கள்கிழமை, புதுச் சுவரின் நெடியில் தும்மிக்கொண்டே சதவீதம் எண்ண உட்கார்ந்தாள். பூட்டுக்கடையின் பதிவுக்கு மூன்று. அடுத்ததற்கு ரெண்டு. அதற்கடுத்ததற்கு நாலு. வழக்கமாக இருபத்தைந்து விழுகிற இடம். தவறாகத் திறந்துவிட்டோமோ என்று மூடித் திறந்தாள். கண்ணாடிக்கடைக்கு இருபத்தொன்பது வருகிற இடத்தில் ஏழு. பல் டாக்டருக்கு இருபத்தெட்டு வருகிற இடத்தில் ஆறு. கால்நடை டாக்டருக்கு நாற்பத்தெட்டுக்குப் பதில் இருபத்தாறு. மெத்தைப் பக்கம் மட்டும் அசையவில்லை. ரெண்டாயிரத்தை ஒட்டி எப்போதும்போல்.

ஒவ்வொன்றிலும் இருபத்திரெண்டு குறைகிறது. நாலு இடத்திலும் அதே இருபத்திரெண்டு.

பதினெட்டு வருஷம் மதிப்பெண் கூட்டினவளுக்கு, ஒரே எண் நாலு இடத்தில் குறைந்தால் தப்பு எண்களில் இல்லை, எண்ணினவர் கையில் இருக்கிறது என்று தெரியும். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் அந்த ஹாலில் யாரோ மேசையைத் தட்டி, போட்டாச்சு என்றார்கள். பதினொரு பேரும் போனை எடுத்தார்கள். அவள் கையும் எடுத்தது.

அதுதான் கைதட்டு. முதலாளி ஆரம்பித்து வைத்தது. எந்தப் பக்கத்தில் எந்தப் பதிவு போனாலும், போட்டவர் போட்டாச்சு என்று குரல் கொடுப்பார். ஐந்து நிமிஷத்துக்குள் அலுவலகத்தில் பதினொரு பேரும் ஒரு லைக் போட்டு, ஒரு கமெண்டும் எழுதவேண்டும். முதலில் நாலு பேர் கைதட்டினால்தான் கூட்டம் திரும்பிப் பார்க்கும் என்பது அவர் கொள்கை. அருமை, வாழ்த்துகள், சூப்பர் என்று எழுதி எழுதி எல்லோருக்கும் விரல் தானாகப் போகும். மெத்தை ஒரு தடவை அரைத்தூக்கத்தில் பல் பிடுங்குகிற படத்துக்குக் கீழே சுகமான உறக்கம் என்று எழுதி வைத்தார். பதினொரு லைக், பதினொரு கமெண்ட். இருபத்திரெண்டு.

ரெண்டாயிரத்தில் இருபத்திரெண்டு சேர்ந்தால் என்ன, கழிந்தால் என்ன, யானை முதுகில் ஈ. இருநூற்று நாற்பது பேர் இருக்கிற பூட்டுக்கடையில் அதே இருபத்திரெண்டு ஒன்பது சதவீதம். பத்துச் சதவீதம் என்று கடைக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது, டயர் கடைக்கு மேலே உட்கார்ந்திருக்கிற பதினொரு பேரைத்தான். வாரா வாரம் அவளும் தன் கையால் லைக்கைப் போட்டு, திங்கள்கிழமை தன் கையாலேயே அதை எண்ணி, புள்ளி போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். மாணவன் எழுதின தாளில் தானே ரெண்டு விடை சேர்த்து எழுதித் தானே மார்க் போட்டதுபோல. தேர்வுப் பிரிவில் இதற்கு வேலையே போகும்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அவள் எழுந்திருக்கவில்லை. இருபத்திரெண்டைக் கழித்துப் போட்டுப் பார்த்தாள். நாத்தனாரின் சராசரி எட்டரையிலிருந்து ரெண்டு புள்ளி ரெண்டுக்கு வந்தது. அப்போதும் மெத்தையின் ஒன்று புள்ளி ஒன்றைவிட இரட்டிப்பு. இதோடு நிறுத்திக்கொண்டால் நாத்தனார் பிழைத்தாள். பட்டியலை மூடிவிட்டுச் சோற்றுப் பெட்டியைத் திறந்தாள். ரெண்டு வாய் சாப்பிட்டாள். மூடிவிட்டு மறுபடி பட்டியலைத் திறந்தாள்.

சின்னப் பக்கத்துக்குச் சதவீதம் கூடத்தான் இருக்கும், அது யார் திறமையும் இல்லை. இருநூறு பேர் என்றால் மாமன் மச்சான், பக்கத்துக் கடை, பழைய வாடிக்கை. தெரிந்த முகம் என்று தட்டுவார்கள். லட்சக்கணக்கில் சேர்ந்த கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தாங்கள் அங்கே இருப்பதே மறந்துபோயிருக்கும். வீட்டுக் கூடத்தில் பாடுகிறவரையும் மைதானத்தில் பாடுகிறவரையும் எத்தனை பேர் எழுந்துபோனார்கள் என்று மட்டும் பார்த்து எடைபோட முடியாது. கூடத்தில் பாடுகிறவரைக் கூடத்தில் பாடுகிற மற்றவர்களோடு வைத்துத்தான் பார்க்கவேண்டும். ரெண்டு வருஷத்துக்கு முன்பே இதை யோசித்திருக்கவேண்டியவள் அவள்தான்.

ரெண்டு நாள் உட்கார்ந்து, தங்கள் கைபடாத வேறு சின்னக் கடைகளின் பக்கம் முப்பது எடுத்து எண்ணினாள். சராசரி நாலு. லட்சத்துக்கு மேல் ஆள் உள்ள பெரிய பக்கம் பன்னிரண்டு எடுத்து எண்ணினாள். அரையிலிருந்து முக்கால் வரை, பெரும்பாலும் புள்ளி ஆறு. அப்புறம் ஒன்றும் மிச்சமில்லை யோசிக்க. மெத்தை தன் இனத்தாரைவிடக் கிட்டத்தட்ட இரட்டிப்பு. தூக்கம் வழிகிற அந்த மனிதர், கடையில் மெத்தையில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சொல்லி அப்படியே கண்ணயர்ந்துவிடுகிற வாடிக்கையாளர்களைக் கேட்டு, அனுமதி வாங்கிப் படம் எடுத்துப் போடுவார்; ஜனம் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தது. நாத்தனார் தன் இனத்தாரில் பாதி. பூட்டுப் படத்தைப் போட்டு, உங்கள் பாதுகாப்பு எங்கள் பொறுப்பு என்று எழுதினால் யார் நின்று பார்ப்பார்கள். கால்நடை டாக்டர் பக்கம் ஒன்று மட்டும் கழித்த பிறகும் நாலு புள்ளி மூன்று நின்றது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடியிலிருந்து எடுத்த துணி கட்டிலில் குவிந்து கிடந்தது. படுக்கை விரிப்பை ஒருவராக மடிக்க முடியாது. ஆளுக்கு ரெண்டு முனையைப் பிடித்துக்கொண்டு அண்ணியும் நாத்தனாரும் நின்றார்கள். ஹாலில் மகள் வாய்விட்டு வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் இன்னும் வரவில்லை. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுதுபார்க்கிறவர், தன் வீட்டு நாலு மாடியை நடந்துதான் ஏறிவருவார்.

சதவீதம் எல்லாவற்றையும் சொன்னாள். கைதட்டைச் சொன்னாள், இருபத்திரெண்டைச் சொன்னாள், முப்பது கடையைச் சொன்னாள். நாத்தனார் கேட்டுக்கொண்டே மடித்தாள். விரிப்பை உதறினாள், முனையைச் சேர்த்தாள், அண்ணியின் கைவரை வந்து கொடுத்தாள், மறுபடி பின்னால் போனாள்.

"திங்கக்கிழமை கழிச்சுட்டுத்தான் குடுப்பீங்களா அண்ணி?"

"கழிச்சுட்டுத்தான்."

"கழிச்சா நான் போயிடுவேன்."

"தெரியும்."

"அங்கேருந்து போனா, இங்கதான் இருப்பேன்."

"அதுவும் தெரியும்."

நாத்தனார் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "என்மேல உங்களுக்கு இவ்வளவு பாசம்னு தெரியாமப் போச்சு," என்றாள். விரிப்பைக் கட்டிலில் வைத்துவிட்டு அதன்மேல் உள்ளங்கையால் ரெண்டு மூன்று தடவை தேய்த்தாள்.

சதவீதத்துக்குக் கோபம் வந்தது. நாத்தனார்மேல் இல்லை. யார்மேல் என்று தேடுவதற்குள் கோபம் களைப்பாகிவிட்டது. தான் என்ன பெரிய அரிச்சந்திரன் வீட்டு ஆளா, ஒன்றும் இல்லை, தப்பென்று தெரிந்த கூட்டலுக்குக் கீழே கையெழுத்துப் போட வரவில்லை, அவ்வளவுதான் என்று சொன்னாள். சொன்னது தன் காதுக்கே சப்பென்று கேட்டது. அந்த மெத்தைக்காரர் இதை அறியவே மாட்டார், நன்றியும் சொல்லமாட்டார், குழந்தைக்குத் தடுப்பூசி போடணும் சீக்கிரம் போகட்டுமா என்று கேட்டுக்கொண்டு நிற்பார் என்றும் சொன்னாள். அதற்கு நாத்தனார் நிஜமாகவே சிரித்தாள்.

பிறகு ஒரு துண்டை எடுத்து மடித்துக்கொண்டே, முகத்தைக் காட்டாமல் கேட்டாள்.

"மாட்டு டாக்டர் பேஜ் எவ்வளவுன்னு சொன்னீங்க?"

"நாலு புள்ளி மூணு. எல்லாம் கழிச்சப்புறம்."

"அது நான் நேர்ல போய் எழுதினது. ஆபீஸ்ல உக்காந்து எழுதல. சனிக்கிழமை சனிக்கிழமை அங்க போய் உக்காந்திருப்பேன். ஒரு கிழவர் பூனையைப் பையில போட்டு எடுத்துட்டு வருவாரு. மத்த மூணும் ஒப்பேத்தினதுதான் அண்ணி. சொல்றதுக்கென்ன."

இதை இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று சதவீதம் கேட்கவில்லை. எட்டரை வந்துகொண்டிருந்தபோது எதற்குச் சொல்லப்போகிறாள்.

அண்ணன் மேலேறி வந்து மூச்சு வாங்கி முடித்ததும் விஷயத்தைக் கேட்டார். தங்கையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். ஊரிலே உனக்குக் கழிக்க வேற ஆள் கிடைக்கலையா என்று மனைவியைக் கேட்டுவிட்டுக் கைகழுவப் போனார். அதற்குமேல் அந்த வீட்டில் அதைப்பற்றி வாக்குவாதம் எதுவும் நடக்கவில்லை. வாக்குவாதம் பண்ணத் தனியாக ஓர் அறை வேண்டாமா.

திங்கள்கிழமை முதலாளி பட்டியலைப் பார்த்தார். தாடி எடுத்த வாரம்; முகம் சின்னப்பிள்ளை முகமாக இருந்தது. பூட்டுக்கடை ஒன்று புள்ளி மூன்று என்பதைப் பார்த்து, புள்ளி இடம் மாறிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி அவள் விளக்கினாள். கைதட்டு தன் யோசனை என்பதால் அவருக்கு முதலில் அதுதான் சுட்டது. எல்லாக் கம்பெனியும் பண்ணுவதுதான் என்றார். பண்ணட்டும், எண்ணவேண்டாம் என்றாள் அவள்.

ரெண்டாவது தாளில் முப்பது கடையும் பன்னிரண்டு பெரிய பக்கமும் இருந்தன. அதையும் படித்தார். நிமிர்ந்தபோது குரல் தணிந்திருந்தது.

"அப்போ உங்க வீட்டு ஆள்தான் கீழ இருக்காங்க."

"ஆமா."

"பழைய மாதிரியே குடுத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதேக்கா."

"அடுத்த தடவை பெயின்ட் அடிக்கும்போது தெரிஞ்சிருக்கும்."

கால்நடை டாக்டர் பக்கத்தை மட்டும் காட்டி அவள் ஒன்று கேட்டாள்: இந்த ஒன்று நன்றாக ஓடுகிறது, இதற்காவது நாத்தனாரை வாரத்துக்கு ரெண்டு நாள் வைத்துக்கொள்ளலாமே. அவர் மேசைமேல் இருந்த பேனாவை உருட்டினார். ஒரு பக்கத்துக்கு ஓர் ஆள் கட்டாது, நாலையும் மெத்தையே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். கதவுவரை போனவளைக் கூப்பிட்டு, சின்னக் கடைக்காரர்களுக்கு இந்தப் புது எண்ணை நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு வாய் வராது என்றார்.

கதவு திறந்தபோது நாத்தனார் தன் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மேசை ஏற்கனவே காலியாக இருந்தது. ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு சால்வை, சார்ஜர். பையில் போட்டுக்கொண்டாள். மெத்தை எழுந்து வந்து, என்ன அக்கா சீக்கிரம் கிளம்பிட்டீங்க என்று கேட்டார். நாத்தனார் ஒரு நிமிஷம் நின்று, கால்நடை டாக்டர் ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை வருகிற பூனைக்காரக் கிழவரைப்பற்றி அவருக்குச் சொன்னாள். அவரை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றாள். மெத்தை தலையாட்டினார். பூனை என்றால் தனக்குத் தும்மல் வரும் என்று அவள் போனபிறகு சதவீதத்திடம் ஒப்புக்கொண்டார்.

அன்று மத்தியானம் சதவீதம் ஒவ்வொரு கடையாகப் போன் போட்டாள். பல் டாக்டர் வேலையாக இருந்தார், சரி சரி என்று வைத்துவிட்டார். கண்ணாடிக்கடைக்காரர் கொஞ்சம் கத்தினார். பூட்டுக்கடைக்காரர் முழுவதும் பொறுமையாகக் கேட்டார். அப்போ மூணு பேர்தானா என்றார். மூணு பேர்தான் என்றாள். யாரு அந்த மூணு பேர் என்றார். அவள் பார்த்துச் சொன்னாள்: உங்கள் மனைவி, உங்கள் மைத்துனர், அப்புறம் தெரியாத ஒருவர். தெரியாத ஒருவர் என்றதும் அவர் குரலில் உயிர் வந்தது. அவர் யார், எந்தத் தெரு, என்னத்துக்குப் போட்டாராம் என்று கேட்டார். அதெல்லாம் தெரியாது என்றாள். அந்த ஆள் வந்தால் சாவி இனாமாகவே போட்டுத்தருவேன் என்று சொல்லிவிட்டு வைத்தார். ரெண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஓர் எண்ணை ஒருவர் இவ்வளவு அக்கறையாகக் கேட்டது அதுதான் என்று அவளுக்குப் பட்டது.

சலவைக்கடை வீட்டுக்காரம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லிவர நாத்தனார் போனாள். துணைக்கு வரட்டுமா என்று சதவீதம் கேட்டதற்கு வேண்டாம் என்றாள். திரும்பி வரும்போது வெறுங்கையோடு வரவில்லை. வழியில் மகளுக்கு ஒரு மேசைவிளக்கு வாங்கிவந்திருந்தாள். ஹாலில் அதைச் செருகி, வெளிச்சம் கண்ணில் படாமல் சாய்த்து வைத்துக்கொடுத்தாள். மகள் அத்தை போகலையா என்று கேட்டாள். இப்போதைக்கு இல்லை என்றாள் அத்தை. சரி என்று மகள் பக்கத்தைப் புரட்டினாள். அந்தச் சரியைக் கேட்டுக்கொண்டு சதவீதம் சமையலறையில் நின்றாள். பாத்திரத்தைக் கழுவிவிட்டு, கழுவின பாத்திரத்தையே மறுபடி எடுத்துக் கழுவினாள்.

வேலை போன மூன்றாவது வாரம் நாத்தனார் இன்னொரு கம்பெனிக்கு விண்ணப்பம் எழுதினாள். அவர்களும் இதே தொழில். முன்பு பார்த்த பக்கங்கள், அவற்றின் எண்கள் எல்லாம் கேட்டிருந்தார்கள். பின்பக்க அறைக் கட்டிலில் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, கதவுப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அண்ணி, எந்த நம்பர் போடட்டும்?"

சதவீதம் கதவில் சாய்ந்து நின்றாள். கால் வலித்தது. பழைய எண்ணைப் போட்டால் அங்கே யாரும் கழித்துப் பார்க்கப்போவதில்லை. இவள் போய்விடுவாள், அறை காலியாகும், மகளுக்கு ஒரு கதவு கிடைக்கும். அதெல்லாம் ஒரு மூச்சில் தோன்றிவிட்டது.

நாத்தனார் காத்திருந்து பார்த்துவிட்டு, தானே தட்டினாள். "மாட்டு டாக்டர் மட்டும் போடறேன். நாலு புள்ளி மூணு."

"ஃபாலோயர் எத்தனைன்னு கேப்பாங்க."

"அறுநூறு."

"சிரிப்பாங்க."

"சிரிச்சுட்டுப் போறாங்க. அறுநூறுல எத்தனை பேர்னு அவங்களுக்கு எண்ணிப் பாக்கத் தெரிஞ்சா கூப்பிடுவாங்க. தெரியலைன்னா வேற எடம் பாக்கணும்." அவள் கால்களை மடக்கிக்கொண்டு கட்டிலில் இடம் விட்டாள். "நிக்காதீங்க, உக்காருங்க. எழுத்துப்பிழை இருக்கான்னு பாத்துக் குடுங்க."

சதவீதம் உட்கார்ந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.